அக்காவின் கரவான்

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளை முடிந்து நான் மேசைக்குத் திரும்பியபோது, வாடிக்கையாளர் கதிரையில் அக்கா இருந்தாள். பாரிசின் லா ஷப்பலில் நான் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகம், அவள் சேலைக்கடையின் மேல்மாடியில் இருந்து காலமெல்லாம் சட்டை தைத்த தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு கரவானுக்கு இன்சூரன்ஸ் போடவேணும்," என்றாள்.

"ஆற்றை கரவான்?"

"என்ர."

அலுவலகத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் அடுத்த கேள்வியைக் கேட்பேன். கரவானின் நிறையைக் கேட்டேன். தாளை நீட்டினாள். எங்கே நிற்கிறது என்று கேட்டேன். வில்லியே லே பெல்லில், அவளுடைய கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வளவில் நிற்பதாகச் சொன்னாள். கரவான் என்பது சில்லுப் பூட்டிய சிறு வீடு, தானாக ஓடாது; எந்த வாகனம் அதை இழுக்கும் என்று கேட்டேன்.

"உன்ர கார்," என்றாள்.

அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. பழகவேண்டும் என்று நினைத்ததும் கிடையாது. அத்தான் இருந்தவரை அவர் ஓடினார், அவர் காலமானபிறகு ரயிலும் பஸ்ஸும். பிள்ளைகள் இல்லை. கண் மங்கத் தொடங்கியதால் முந்திய மாரிக் குளிர்காலத்தோடு தையலையும் விட்டிருந்தாள். கீழ்வீட்டில் இருந்த போர்த்துக்கேயத் தம்பதி வயதாகிவிட்டதென்று தங்கள் கரவானை விற்க வெளிக்கிட்டபோது, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டாள்.

வேலை முடிந்ததும் பக்கத்துத் தேநீர்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏன் என்று கேட்டேன்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்து எங்கை போனாலும் ஆற்றையோ வீட்டிலதான் படுத்தெழும்பியிருக்கிறன். லண்டனிலை கலியாணம் எண்டால் ஒரு ஹோல். சுவிசிலை சாமத்தியவீடு எண்டால் ஒரு மாபிள் நிலம். விடிய எழும்பிப் போர்வையை மடிச்சு வைச்சிட்டு, வீட்டுக்காரர் எழும்புமட்டும் சத்தம் போடாமல் குந்தியிருக்கோணும். எனக்கு அது காணும், போதும்."

"ஹொட்டேல் இருக்குத்தானே அக்கா."

"அங்கை சோறு காய்ச்ச விடுவினமே?"

கடற்கரையில் கரவான்களை நிறுத்தித் தங்கும் ஒரு கம்பிங் இடத்தை, போர்த்துக்கேயக்காரி வழக்கமாகப் போகும் இடத்தையே, ஜூலை மாதத்துக்குப் பதிவும் செய்திருந்தாள். அத்லாந்திக் கரை. பாரிசிலிருந்து ஒரு பகல் முழுவதும் ஓடவேண்டும்.

எங்கள் கார் நடுத்தர அளவு எஸ்.யு.வி. பழைய காராக வாங்கியது. முந்தைய உரிமையாளர் படகு இழுத்தவர் என்பதால் பின்னால் இழுவைக் கொளுக்கி பூட்டியபடியே வந்தது. அந்தக் கொளுக்கியால் எங்களுக்குக் கிடைத்த ஒரே பயன், கடை வண்டிகளைத் தள்ளும்போது முழங்காலில் இடிபட்டதுதான். அக்கா அதைக் கவனித்து வைத்திருக்கிறாள்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு உணவகத்தில் சமையல்காரர்; வீட்டிலும் கத்தியைக் கீழே வைக்கமாட்டார்.

"உமக்கு விசரே?" என்றார். "கராஜிலையிருந்து காரை எடுக்கவே நாலுதரம் முன்னுக்கும் பின்னுக்கும் போறனீர்."

"பழகலாம்."

"கொக்காவுக்குச் சொல்லும், பின்னுக்கு வாறது தள்ளுவண்டில் இல்லை எண்டு." கொக்கா என்றது என் அக்காவை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "ஜூலையிலை எனக்கு லீவு இல்லை. நீங்கள் ரெண்டுபேரும் போறதெண்டால் வடிவாப் பாத்துச் செய்யுங்கோ," என்றார். சம்மதம் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

என் வேலையில் விபத்துகளைக் கடதாசியில்தான் பார்க்கிறேன். கரவான் விபத்துகள் அதிகம் வருவதில்லை. வரும்போது படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: கார் பெரும்பாலும் முழுதாக இருக்கும், கரவான் சுவர் சுவராகப் பிரிந்து புல்லில் கிடக்கும். உள்ளே இருந்த தலையணைகளும் கோப்பைகளும் தெரியும். காரணம் எழுதும் இடத்தில் சாரதி, "திடீரென்று ஆடத் தொடங்கியது," என்று எழுதியிருப்பார். நான் இதை அக்காவுக்குச் சொல்லவில்லை. ஆனால் கேட்டவுடன் இழுத்துக்கொண்டு போகமுடியாது என்பதை மட்டும் சொன்னேன்.

முதலில் நிறையைப் பார்த்தேன். காரின் பதிவுப் பத்திரத்தில் அது எவ்வளவு இழுக்கலாம் என்று இருக்கிறது. கரவானின் பத்திரத்தில் அது முழுச் சுமையோடு எவ்வளவு வரலாம் என்று இருக்கிறது. கார் இழுக்கும். ஆனால் காரின் முழு நிறையையும் கரவானின் முழு நிறையையும் கூட்டினால், என் சாதாரண சாரதிப் பத்திரம் அனுமதிக்கும் அளவுக்குச் சற்று மேலே போனது. பரீட்சை தேவையில்லை, ஒரு நாள் பயிற்சி போதும் என்றார்கள். ஓல்னே பக்கத்தில் ஒரு வெறும் வாகனத் தரிப்பிடத்தில் அந்தப் பயிற்சி நடந்தது.

பயிற்சி தந்தவர் உயரமான பெண். வார இறுதிகளில் தன் குதிரைகளை இழுத்துக்கொண்டு திரிபவர் என்று சொன்னார். காலை முழுவதும் பின்னுக்கு எடுக்கப் பழக்கினார். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வைக்கச் சொன்னார். கை எந்தப் பக்கம் போகிறதோ வண்டிலின் வால் அந்தப் பக்கம் போகும். கேட்க இலகுவாக இருந்தது. வழி குறிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளில் நான் சாய்த்தவற்றை அவரே நடந்து போய் நிமிர்த்தி வைத்தார். ஒவ்வொரு தடவையும் அதே முகத்தோடு, "மறுபடி," என்றார். பின்னேரம் தெருவுக்குப் போனோம். திரும்பும்போது அகலமாகத் திரும்பவேண்டும், முன்னால் போகும் வாகனத்துக்கு வழமையைவிட இரட்டிப்பு இடைவெளி விடவேண்டும், இறக்கத்தில் முன்கூட்டியே கியரைக் குறைத்து இறங்கவேண்டும் என்றார்.

திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தியபிறகுதான் கரவான் ஆடுவதைப் பற்றிப் பேசினார்.

"அது ஒருநாள் ஆடத் தொடங்கினால், உங்கள் கால் பிரேக்குக்குப் போக ஆசைப்படும். விடாதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், அது ஆடும் பக்கத்துக்கு எதிராகத் திருப்பவேண்டாம். வேகம் குறைய அது தானாக அடங்கும்."

"வேகத்தைக் கூட்டி இழுத்தால் நேராகாதா?"

"சிலர் அப்படி நினைப்பார்கள்," என்றார். "அவர்களிடம் பிறகு நான் கதைத்துப் பார்த்ததில்லை."

கரவானைப் பார்க்கப் போன அன்று அக்கா அதற்குள் ஏற்கெனவே கூட்டித் துடைத்து, கதவு நிலைக்கு மேலே ஒரு சிறிய பிள்ளையார் படம் ஒட்டியிருந்தாள். நடுவில் மேசையும் இருபுறம் இருக்கைகளும், முன்னால் கட்டில், பின்சுவரோடு அடுப்பும் அலுமாரியுமாகக் குசினி. சில்லுகளின் ரயர்களைக் குனிந்து பார்த்தேன். தேயவே இல்லை; ஆனால் பக்கங்களில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. ஓடாமல் நின்றே பழசாகிப்போனவை.

"உது நல்லாத்தானே கிடக்கு," என்றாள் அக்கா.

"பாக்க நல்லாத்தான் கிடக்கும். வெயில்லை சூடேற வெடிக்கும்."

இரண்டையும் மாற்றினோம். பிரேக்குகளைப் பார்க்கக் கொடுத்தோம். கரவான் காரைவிட அகலம் என்பதால் காரின் கண்ணாடிகளில் பூட்ட நீளமான மேலதிகக் கண்ணாடிகள் வாங்கினேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் நானே சாமான் ஏற்றினேன். பாரமானவை எல்லாம் கீழே, நடுவில், சில்லுகளுக்கு நேர்மேலே வரவேண்டும். அரிசி மூட்டை, கிரைண்டர், தண்ணீர்ப் போத்தல்கள், மீன் டின்கள் எல்லாவற்றையும் மேசைக்கு இருபுறம் இருந்த இருக்கைகளின் அடிப்பெட்டிகளில் வைத்தேன். மேல்தட்டுகளில் உடுப்பும் போர்வையும் மட்டும். பிறகு வீட்டில் நாங்கள் நிறை பார்க்கும் தராசை நிலத்தில் வைத்து, ஒரு மரத்துண்டை நிறுத்தி, கரவானின் முன்மூக்கை அதன்மேல் இறக்கினேன். மூக்கு கொளுக்கியை ஓரளவு அழுத்தவேண்டும். மிஞ்சி அழுத்தினால் காரின் பின்புறம் தாழும், அழுத்தாவிட்டால் வால் ஆடும். தராசு காட்டிய நிறை சரியாக இருந்தது. அக்கா கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தநாள் காலை கொளுக்கியில் பூட்டினோம். பூட்டு விழுந்த சத்தம் கேட்டபிறகும், கரவானின் மூக்கைத் தாங்கும் சிறிய முன்சில்லைச் சற்று இறக்கி, காரின் பின்புறம் சேர்ந்து எழும்புகிறதா என்று பார்த்தேன். எழும்பியது. கரவான் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய கம்பியைக் கொளுவினேன். விளக்குகளின் வயரைச் செருகினேன். அக்கா பின்னால் போய் நின்று சொன்னாள்.

"சோத்தாங்கைப் பக்கம் மினுங்குது. பீச்சாங்கைப் பக்கமும் சரி. இப்ப ரெண்டும் சிவப்பு."

பாரிசுக்குள் இறங்காமல் வெளிவட்டப் பாதையால் போனோம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சற்றைக்கொருதரம் திரும்பிப் பார்த்தாள் அக்கா.

"வருகுதே?"

"வராமல் எங்கை போறது."

சுங்கக் கட்டணச் சாவடியில், முன்னால் போன கார்களோடு நானும் போய், உயரத் தடை போட்ட வாயிலுக்கு வந்துவிட்டேன். கரவானின் கூரை அதற்குள் போகாது. பின்னால் ஒருவரும் வரமுன் அதைக் கண்டதால், மெல்ல வளைத்துப் பக்கத்து வாயிலுக்கு மாறமுடிந்தது. அதன்பிறகு எல்லாச் சாவடியிலும் லொறிகள் போகும் வாயிலையே தேடினேன்.

லெ மான் நகரத்தைத் தாண்டும்வரை எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஸ்டியரிங் இலேசாக இருந்தது. பயிற்சி நாளில் இருந்ததைவிட இலேசாக. நல்ல றோட்டு என்று நினைத்தேன்.

நீண்ட, பெரிதாகத் தெரியாத ஒரு இறக்கம். வேகம் தானாகக் கொஞ்சம் கூடியிருந்தது. சுற்றுலா பஸ் ஒன்று எங்களைக் கடந்தது. அது பக்கத்தில் வந்தபோது கார் அதன்பக்கம் இழுபட்டது. கடந்து போனபோது எதிர்ப்பக்கம் தள்ளுப்பட்டது. அவ்வளவுதான் என்று நினைத்த நேரத்தில் வலது கண்ணாடியில் கரவானின் முழுப் பக்கச்சுவரும் தெரிந்தது. பிறகு அது மறைந்து, இடது கண்ணாடியில் மற்றச் சுவர் தெரிந்தது. பின்னர் மறுபடி வலது. இந்தமுறை இன்னும் அதிகமாக. காரின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுப்புவது போல் இருக்கையில் உணர்ந்தேன்.

என் கால் பிரேக்குக்குப் போனது. போய்க்கொண்டிருப்பதை நான் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அதை அங்கே விடாமல், இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கை மார்போடு இறுக்கிப் பிடித்தேன்.

"என்னடி செய்யுறாய்?" என்றாள் அக்கா.

"ஒண்டும் செய்யேல்லை."

அதுதான் உண்மை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அப்போது செய்யவேண்டியதாக இருந்தது. அது இன்னும் சில தடவை ஆடியது. பின்னால் வந்த லொறிக்காரர் கண்டு தூரம் விட்டு, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டார். இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கியது. ஆட்டம் சிறுத்து, கண்ணாடிகளில் ஒரே அளவு வெளி தெரியத் தொடங்கியது. நானும் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, அடுத்த இளைப்பாறும் இடம்வரை லொறிகளைவிட மெதுவாகப் போய் நிறுத்தினேன்.

கொஞ்சநேரம் இருவரும் இறங்கவில்லை. மரங்களின் கீழே ஒரு குடும்பம் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தது.

இறங்கிப் போய், முன்சில்லை இறக்கிக் கொளுக்கியைக் கழற்றினேன். கரவானின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். தூக்கமுடிந்தது. முதல்நாள் அது முடியாத காரியம். கதவைத் திறந்து இருக்கையின் அடிப்பெட்டியைப் பார்த்தேன். அங்கே துவாய்களும் செருப்புகளும் இருந்தன.

"அரிசி எங்கை?"

"குசினியிலை," என்றாள் அக்கா.

பின்சுவரோடு இருந்த குசினி அலுமாரியைத் திறந்தேன். அரிசி, கிரைண்டர், டின்கள், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் அங்கே ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவற்றோடு நான் ஏற்றாத ஒரு பை தேங்காயும் ஒரு பெட்டி மாம்பழமும் இருந்தன.

"ஆர் மாத்தினது?"

"நான்தான் மாத்தினனான். நீ போனாப்பிறகு." அவள் குரலில் மன்னிப்புக் கேட்கும் சாயல் இல்லை. "அரிசிக்கு மேலை குந்தியிருந்து சாப்பிடுறதே? காலும் படும். குசினிச் சாமான் குசினியிலைதான் இருக்கோணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது எங்கே போவதென்று தெரியாத கோபம். அவள் செய்தது பிழை என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். நான்கூட என் வீட்டில் அரிசியைக் காலடியில் வைப்பதில்லை. பிள்ளைகள் விளையாடும் சீசோப் பலகை ஒன்று அந்த இடத்தின் ஓரத்தில் இருந்தது. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய், ஒரு பக்கத்தின் நுனியை அழுத்திக் காட்டினேன்.

"இந்த நடுவிலை சில்லு. நீங்கள் பாரத்தை எல்லாம் இந்த நுனிக்குக் கொண்டு போட்டியள். அப்ப அந்த நுனி மேலை போகுது. அந்த நுனிதான் காரோடை பிடிச்சிருக்கிறது. பிடி இல்லையெண்டால் வால் தன்ர பாட்டுக்கு ஆடும்."

அவள் பலகையைத் தானும் ஒருதரம் அழுத்திப் பார்த்தாள்.

"அப்ப என்னத்துக்குக் குசினியைப் பின்னுக்குக் கட்டினவங்கள்?" என்றாள்.

நான் கரவானுக்குத் திரும்பிப் போய் அலுமாரியைக் காலியாக்கத் தொடங்கினேன்.

அரிசியைப் பற்றிச் சற்றுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அரிசி கரவானுக்குள் வேண்டாம், காரின் பின்னிருக்கையில் வரட்டும். மூட்டையை இருத்திப் பெல்ட் போட்டேன். கிரைண்டரை இருக்கைக்குக் கீழே வைக்க அக்கா உடன்பட்டாள். அது யந்திரம், அதன்மேல் இருக்கலாம். டின்களும் அப்படியே. தண்ணீரில் பாதியை, பாண் தின்றுகொண்டிருந்த குடும்பத்துக்குக் கொடுத்தோம். அவர்கள் காரணம் புரியாமல் வாங்கிக்கொண்டார்கள். மாம்பழப் பெட்டியில் அக்கா கைவைக்க விடவில்லை. அது அரிசிக்குப் பக்கத்தில் ஏறியது. பிறகு தராசை எடுத்து மரத்துண்டை நிறுத்தினேன். நான் மூக்கை இறக்க, அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து எண்ணை வாசித்தாள். சரியாக இருந்தது. இன்னொருமுறை இறக்கச் சொல்லி, மறுபடி வாசித்தாள்.

பிளாஸ்கிலிருந்து இருவருக்கும் தேநீர் ஊற்றினேன்.

"பயந்தனியே?" என்றாள்.

"அப்ப இல்லை. இப்ப."

"நான் அப்பவே பயந்தனான்." தேநீரை ஊதிக் குடித்தாள். "அவர் போனாப்பிறகு, ஒண்டுக்கும் எனக்குப் பயம் வாறேல்லை. எப்ப போனாலும் சரியெண்டுதான் இருந்தனான். இண்டைக்குப் பாத்தால் சாக நல்ல பயமாக் கிடக்கு."

அதை ஒரு செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் கோப்பைகளைக் கழுவினேன்.

மிச்சத் தூரமும் பாதையின் வலதுபக்க, மெதுவான ஒழுங்கையிலேயே, லொறிகளுக்குப் பின்னால் போனோம். பஸ்கள் கடந்தன, லொறிகள் கடந்தன; ஸ்டியரிங் கனமாக, தன் இடத்தில் நின்றது. இறக்கம் வருமுன்னரே கியரைக் குறைத்தேன். அக்கா திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். "ஒரு பஸ் வருது," என்று முன்கூட்டியே சொன்னாள். எனக்கு அது உதவியாகவே இருந்தது.

கம்பிங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. எங்கள் இடம் இரண்டு வேலிகளுக்கு நடுவில். கரவானைப் பின்னுக்கு எடுத்துத்தான் விடவேண்டும். பயிற்சி நாளின் கூம்புகள் இங்கே செடிகளாக நின்றன. அக்கா பின்னால் நின்று வழிகாட்டினாள்.

"சோத்தாங்கைப் பக்கம் வா."

திருப்பினேன். கரவான் மற்றப்பக்கம் போனது.

"சோத்தாங்கைப் பக்கம் எண்டு சொன்னனான்."

"உங்கட சோத்தாங்கையோ என்ர சோத்தாங்கையோ?"

அவள் வேலியைப் பார்த்தபடி எனக்கு முதுகு காட்டி நின்றாள். அவளுடைய வலது எனக்கு இடது. அதோடு ஸ்டியரிங் போகும் பக்கமும் வால் போகும் பக்கமும் வேறு. மூன்றையும் மனதுக்குள் மாற்றி மாற்றி, கடைசியில் வேலியில் சாய்ந்தேன். முன்வரிசையில் கதிரை போட்டு இருந்த ஒருவர் தன் கதிரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் இறங்கினேன். இருவரும் அந்த இடத்தை ஒருதரம் நடந்து பார்த்தோம். ஒருபக்கம் மணல்மேடு, அப்பால் கடல். மறுபக்கம் குளிக்கும் அறைகள்.

"இடமும் வலமும் வேண்டாம்," என்றேன். "வால் எங்கை போகவேணுமெண்டு மட்டும் சொல்லுங்கோ. கடல்பக்கம், இல்லாட்டிக் குளியல்பக்கம். என்ர கண்ணாடியிலை உங்கட முகம் தெரியிற இடத்திலை நில்லுங்கோ. தெரியாட்டி நான் நிப்பாட்டிப்போடுவன்."

அவள் போய் நின்றாள். நான் ஏறி யன்னல் கண்ணாடியைத் திறந்துவிட்டேன்.

"கடல்பக்கம். கடல்பக்கம். காணும். இப்ப குளியல்பக்கம் கொஞ்சம். ஆறுதலா. நேரை வா. நேரை. நில்."

உள்ளே போய்விட்டது. கதிரைக்காரர் கையைத் தட்டவில்லை. தலையை ஒருதரம் ஆட்டிவிட்டுக் கதிரையைத் திருப்பிக்கொண்டார். கழற்றுவதற்கு முன் கரவானின் கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வைத்தேன்.

அன்று அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோறு காய்ச்சினாள். மீன்டின் குழம்பின் வாசம் கம்பிங் முழுக்கப் போயிருக்கும். படுக்கும் நேரம், உள்கட்டிலை அவள் எடுத்தாள்; எனக்குக் கதவடி இருக்கை. நான் பிரான்சுக்கு வந்த புதிதில், கலியாணம் முடியும்வரை அவளுடைய ஒற்றை அறையில்தான் இருந்தேன். அப்போதெல்லாம் அவள் கதவுப்பக்கம்தான் படுப்பாள். இப்போது கேட்காமலே உள்ளே போய்ப் படுத்தாள். காலையில் நான் எழும்பி நடந்து, கோப்பைகளைத் தட்டி, கதவைத் திறந்தும் அவள் எழும்பவில்லை.

என் லீவு முடிகிற நாள், கரவானுக்குள் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினேன்.

"அதை விடு," என்றாள். "நான் நிக்கிறன்."

"எத்தினை நாளைக்கு?"

"கதைச்சுப்போட்டன். செப்ரெம்பர் முடியுமட்டும் இந்த இடம் சும்மாதானாம் கிடக்கும்."

அவளுடைய பிரெஞ்சு, கடையில் சட்டை அளவெடுக்கக் கற்ற பிரெஞ்சு. அதைக்கொண்டு எப்படி நிர்வாகியோடு பேசி முடித்தாள் என்று தெரியவில்லை. தனியாக எப்படி இருப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். வில்லியே லே பெல்லிலும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. வெறும் காரோடு திரும்பினேன். பாதிவழிவரை, திருப்பங்களில் தேவையில்லாமல் அகலமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

கணவர் கதவைத் திறந்து, என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கொக்கா எங்கை?"

"கடலடியிலை."

"அது சரி," என்றார். அடுத்த மாதம் தன் லீவில் அவரே ரயிலில் போய், அவளுக்கு ஒரு பெரிய சட்டி கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது சில வருடங்களாகிவிட்டன. அக்கா சித்திரையில் போகிறாள், ஐப்பசியில் வருகிறாள். மாரியில் கடல் ஏறும் என்பதால் அங்கே கரவான்களை விட அனுமதியில்லை. அதனால் இலையுதிர்காலத்தில் நான் போய், உள்ளூரில் ஒரு விவசாயியின் கொட்டகைக்கு அதை இழுத்துக்கொண்டு போய் விடுகிறேன். இளவேனிலில் மறுபடி கடலடிக்கு. கிட்டிய தூரம்தான். ஆனாலும் நீண்ட பயணத்துக்குச் செய்யும் எல்லாவற்றையும் செய்கிறோம். ரயர்களில் காற்றைப் பார்ப்பது, விளக்குகளைப் பார்ப்பது, மூக்கை நிறுப்பது. கோடையில் புதிதாக வருகிறவர்கள் பின்னுக்கு எடுக்கத் தடுமாறும்போது நிர்வாகி அக்காவைக் கூப்பிடுவதாகச் சொல்கிறார்கள். அவள் எந்த மொழியில் வழிகாட்டுகிறாள் என்று நான் விசாரிக்கவில்லை.

போன ஐப்பசியில் நான் போன அன்று காற்று பலமாக இருந்தது. கொளுக்கியில் பூட்டி, எல்லாம் சரிபார்த்து, நான் காரில் ஏறியிருந்தேன். அடுத்தநாள் காலை எனக்கு வேலை. கொட்டகைக்குப் போகும் பாதை, மரமோ வீடோ இல்லாத திறந்த வயல்வெளி; காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். அக்கா ஏறவில்லை. மணல்மேட்டின் புல் எந்தப்பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டு," என்றாள். "காத்து விழட்டும்."

"கிட்டத்தானே அக்கா. மெல்லப் போகலாம்."

"மெல்லப் போனாலும் அது பெரிய சுவர். காத்து அதிலைதான் பிடிக்கும்."

எஞ்சினை நிறுத்தினேன். அவள் வந்து பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அலுவலகத்துக்குத் தொலைபேசியில், நாளை பிந்தி வருவேன் என்று சொன்னேன். பிறகு ஒன்றும் செய்யாமல் இருந்தோம். ஊரில் யாருக்கோ குழந்தை பிறந்ததைப் பற்றி அவள் கதைத்தாள். கொஞ்சம் கண்ணயர்ந்தாள். காற்று குறையப் பின்னேரமாகிவிட்டது. அவள் இறங்கிப் போய்ப் புல்லைப் பார்த்துவிட்டு, பின்னால் நடந்து விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா என்று பார்த்து வந்து ஏறினாள்.

"இனிப் போகலாம்," என்றாள். போனோம்.